உச்சிப்புளி பக்கம் ஒரு பங்குத் தோட்டம்

ராமேஸ்வரம் போற ஆளுங்க யாரும் உச்சிப்புளியில இறங்க மாட்டாங்க. ராம்நாட்டுல பஸ் ஏறுனதுமே மண்டபம் எப்ப வரும், பாம்பன் பாலம் எப்ப வரும்னு போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, நடுவுல தென்னந்தோப்பும் நேவியோட ஐஎன்எஸ் பருந்து விமானத்தளச் சுவரும் வந்து போறது கண்ணுலயே படாது. நானும் அப்படித்தான் பல தடவை போயிருக்கேன். இந்தத் தடவை இறங்குனேன்னா அதுக்குக் காரணம் ராம்நாட்டுல ஒரு நண்பன் வீட்டு அடுப்படியில கிடந்த துணிப்பை. உள்ள ஒரு சுரைக்கா, முருங்கைக்கா நாலு, ஒரு கட்டு தண்டுக்கீரை, பழைய பேப்பர்ல பொட்டலம் கட்டுன கொத்தவரங்கா வத்தல். எந்தக் கடைடா இதுன்னு கேட்டா, கடை இல்லடா, பங்கு, கார்த்திகையிலயே காசு கட்டியாச்சுங்குறான். சித்திரை வெயில்ல திங்குற சுரைக்காய்க்கு கார்த்திகை மழையில காசு கட்டுறானா, அப்ப போய்ப் பாத்துரணும்னு மறுநாளே கிளம்பிட்டேன்.

உச்சிப்புளி ஸ்டாப்புல இருந்து கடல் பக்கமா ஆட்டோவுல கொஞ்ச தூரம், அப்புறம் மணல் ரோடு, நடைதான். ரெண்டரை ஏக்கர் இருக்கும், அதுல பாதிக்கு மேல தென்னை. தோட்டக்கார அண்ணன் முன்னாடி சவூதியில இருந்தவரு, திரும்பி வந்து தோட்டத்துல இறங்கிட்டாரு. ஆனா கணக்கு நோட்டு, விதை, யாருக்கு எந்தப் பை, எல்லாம் அவரு வீட்டு அக்கா கையில. அண்ணன் கிட்ட என்ன கேட்டாலும் "அவகிட்ட கேளுங்க தம்பி"ன்னு கையைக் காட்டிட்டு மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவாரு.

முதல்ல கிணத்தைத்தான் காட்டுனாங்க. கிணறுன்னா நம்ம மதுரைப் பக்கத்து அறுபது அடிக் கிணறு இல்ல, எட்டிப் பாத்தா முகம் தெரியுற அளவுக்கு மேல தண்ணி, சுத்தி உறை இறக்கி வச்சிருக்காங்க. ஒரு வாய் குடிச்சேன், உப்பே இல்ல, நல்ல தண்ணி. கொஞ்சம் நடந்தா கடல், இங்க எப்படி நல்ல தண்ணின்னா, மழை மணல்ல இறங்கி கீழ இருக்க கடல் தண்ணிக்கு மேல மிதக்குது, நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம், அவ்வளவுதான் விஷயம். ஆனா இதுல ஒரு கணக்கு இருக்கு. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கீழ சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு, அதையே திருப்பிப் போட்டா? இறைச்சு இறைச்சு மேல ஒரு அடி குறைச்சா கீழ இருந்து உப்பு 40 அடி ஏறி வர வழியாயிரும். பெரிய மோட்டார் மாட்டி ஆழமா போர் இறக்குனவங்க கதையெல்லாம் இதுதான்.

"நீங்களும் ஒரு போர் போடலாம்ல அண்ணே, ரெண்டு மடங்கு வெள்ளாமை பாக்கலாம்ல?"ன்னு கேட்டேன்.

"போட்டா கொஞ்ச வருசம் நல்லாத்தான் வரும் தம்பி. அப்புறம் கடலு வீட்டுக்கு வந்துரும். போட்டவுக எல்லாம் இப்ப குடிதண்ணிக்கு எங்க கிணத்துக்குத்தான் குடத்தைத் தூக்கிட்டு வாறாக."

சின்ன மோட்டார்தான் வச்சிருக்காங்க, காலையில கொஞ்ச நேரம் ஓட்டிட்டு நிறுத்திருவாங்க, கிணறு ஊறணும், சாயங்காலம் மறுபடி கொஞ்சம். சொட்டுநீர். அக்கா இடுப்புல சாவிக்கொத்தோட ஒரு ஈசி மீட்டரும் தொங்குது, தண்ணியில உப்பு எவ்வளவுன்னு வாரத்துக்கு ஒருக்கா அளந்து நோட்டுல எழுதுறாங்க. இந்த நோட்டைத்தான் நான் ரொம்ப நேரம் புரட்டிக்கிட்டு இருந்தேன், மாசி வரைக்கும் சமர்த்தா இருக்க நம்பர் பங்குனி கடைசியில மெல்ல ஏற ஆரம்பிச்சு வைகாசி ஆனில உச்சிக்குப் போகுது, ஐப்பசி மழை விழுந்ததும் தொப்புன்னு கீழ வந்துருது. இந்தத் தோட்டத்துல எப்ப என்ன விதைக்கணுங்குறது பஞ்சாங்கத்தை விட இந்த நோட்டுல இருந்துதான் வருது.

பங்கு விஷயத்துக்கு வர்றேன். வெளிநாட்டுல இது பழசு, ஜப்பான்ல 1970கள்லயே வீட்டுப் பெண்கள் சேர்ந்து விவசாயி கிட்ட நேரா பேசி வாங்க ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல 1986ல ரெண்டு தோட்டத்துல தொடங்குனது. சீசனுக்கு முன்னாடியே காசு, விளைஞ்சா பங்கு, விளையலைன்னா நஷ்டத்துலயும் பங்கு. இங்க முப்பது சொச்சம் வீடு சேர்ந்திருக்கு, ராம்நாடு, மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரையில கொஞ்சம். கார்த்திகையில பாதி, தையில பாதி கட்டணும். சனிக்கிழமை பை வரும். எவ்வளவு காசுன்னு இங்க எழுத வேணாம்னு அக்கா சொல்லிட்டாங்க, எழுதுனா கடை விலையோட வச்சுப் பாத்து சண்டைக்கு வருவாங்களாம். நான் பாத்த வரைக்கும் மாசியில கடையை விட சல்லிசு, வைகாசியில கடையை விட ஜாஸ்தி, வருஷக் கணக்குல பெரிய லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. லாபத்துக்காக சேரணும்னா சேராதீங்க.

மண்டபத்துல இருந்து ஒரு மீன்காரம்மா வந்திருந்தாங்க, அவங்க தெருவுலயே நாலஞ்சு வீடு பங்கு. "எங்க ஆளுகளுக்கு இதை வெளக்கவே வேணாம்யா, வள்ளம் கரைக்கு வந்தா எண்ணெய்க் காசைக் கழிச்சு, வள்ளத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, போன ஆளுகளுக்குப் பங்கு. மீன் படலைண்டா ஒருத்தருக்கும் இல்ல, அதுக்காக கடல்கிட்ட போயி காசைத் திருப்பிக் குடுண்டு கேக்க முடியுமா?"ன்னாங்க. சம்பளக்கார வீடுகளைச் சமாளிக்கத்தான் அக்காவுக்குக் கஷ்டம், காசு குடுத்திருக்கேன்ல தக்காளி எங்கன்னு வாட்ஸ்அப்புல வாய்ஸ் நோட்டு வரும்.

அப்புறம் ஆடியில ஒரு தடவை போனேன். போகாதீங்க. ஊரெல்லாம் ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லும், இங்க ஆடியில அடிக்கிறது கச்சான். மேக்க இருந்து காஞ்ச காத்து, மணலை அள்ளி மூஞ்சியில வீசுது, வாயை மூடிக்கிட்டு நடந்தாலும் பல்லுல நறநறன்னுது, நாத்தெல்லாம் இலை கிழிஞ்சு தொங்குது. அதனால அந்த நேரத்துல பெரிய வெள்ளாமை எதுவும் வைக்கிறதில்ல. மேக்கு வரப்புல அகத்தியை நெருக்கமா நட்டு ஒரு வேலி, அதுக்குள்ள தென்னை நிழல்ல கீரை, புளிச்சக்கீரை, கொஞ்சம் வெண்டை. மீதி இடத்துல பசுந்தாள் உரத்துக்கு தக்கைப்பூண்டு, அது உப்பு மண்ணுலயும் வரும், பூக்குறதுக்கு முன்னாடி மடக்கி மண்ணோட உழுதுருவாங்க. சும்மா கிடக்குற நிலம் மாதிரிதான் வெளிய தெரியும், வேலை பூரா அப்பத்தான் நடக்குது, மண்ணு காயாம மேல மூடிப் போடுற மூடாக்குக்கு பனை ஓலை, தென்னை மட்டை, கரையில ஒதுங்குற கடல்பாசி எல்லாம் வண்டி வண்டியா வருது. பாசியை அப்படியே போடக்கூடாது, குமிச்சு வச்சு மழையில உப்பு கழுவுன பிறகுதான் போடணும். பக்கத்துல மண்டபம், பாம்பன்ல பாசி வளர்க்குறவங்க கிட்ட இருந்து பாசிச் சாறும் வாங்கித் தெளிக்கிறாங்க, மீன் கழிவும் வெல்லமும் போட்டு ஊற வைக்கிற மீன் அமிலத்துக்கு இந்த ஊர்ல மீன் கழிவுக்கா பஞ்சம்.

மழை வேற கதை. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதுல பாதிக்கு மேல ஐப்பசியில ஆரம்பிச்சு மார்கழிக்குள்ள கொட்டி முடிச்சிரும். உப்பைக் கழுவி கீழ தள்ளுறது இந்த மழைதான், அதனால இது இல்லாம தோட்டம் இல்ல. ஆனா அளவா பெய்யணும்னு யாரு சொல்றது? 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு ஞாபகம் இருக்கா, அந்த மழையில இங்க பாத்தியெல்லாம் குளம். மேட்டுப்பாத்தி போட்டிருந்ததால கத்தரி நாத்து மட்டும் தப்பிச்சுது, வெள்ளரியும் பூசணியும் மறுபடி விதைச்சாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா காய்க்கு ஆளுங்க அலையுறதே அந்த நேரத்துலதான். கார்த்திகை பிறந்தா வீட்டுக்கு ஒரு மாலை, மீன் திங்குற ஊரு பூரா சைவமாயிரும், தோட்டத்துல பாத்தா தண்ணி வடியாம நிக்குது. பையில கீரை, கீரை, மறுபடி கீரை, அதிர்ஷ்டம் இருந்தா மழைக்கு வரப்போரமா தானா முளைக்கிற அதலக்கா ஒரு கைப்பிடி. இதே கூத்து கோடையிலயும் உண்டு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு கொண்டு வர்ற மீன் விலையைக் கேட்டா சாம்பாரே போதும்னு தோணும். அப்ப தோட்டத்துல உப்பு நோட்டு உச்சியில நிக்கும், மண்ணு மேல வெள்ளையா பூத்துப் போய் கிடக்கும். ஆக, வாங்குற ஊருக்கு எப்ப பசிக்குதோ அப்ப இந்த மண்ணுல ஒண்ணும் இருக்காது, மண்ணு அள்ளிக் குடுக்குறப்ப ஊரு மீன் தின்னுக்கிட்டு இருக்கும்.

அக்கா இதுக்கு கண்டுபிடிச்ச வழிதான் எனக்கு இந்தத் தோட்டத்துலயே பிடிச்ச விஷயம். மாசியில நான் போனப்ப கண்ணால பாத்தேன், கத்தரி, வெண்டை, கொத்தவரை, சுரை, புடலை, வெள்ளரின்னு பறிச்சு மாளல. மயிலு வந்து தின்னது போகவே அவ்வளவு. அதுல பாதியைத்தான் பையில போடுறாங்க. மீதிய மோர்லயும் உப்புலயும் போட்டு களத்துல காயப் போட்டிருக்காங்க, கத்தரி வத்தல், கொத்தவரை வத்தல், மிதுக்க வத்தல், பக்கத்துத் தெரு ஆச்சிங்க நாலு பேரு காக்காய விரட்டிக்கிட்டே ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பேசி முடிக்கிறாங்க. பூசணியை முத்த விட்டுப் பறிச்சு கொட்டகையில பரணுல அடுக்கியாச்சு. இது எல்லாம் சித்திரை, வைகாசி, ஆனி மாசத்துப் பங்கு. கோடையில வர்ற பையில பச்சைக்கா கொஞ்சம், மீதி மாசி மாசத்து வெயில்ல காஞ்ச காய். பங்குனா பச்சையா பிரெஷ்ஷா இருக்கணும்னு யாரு சொன்னா? நம்ம பாட்டிங்க வருஷம் முழுக்க குடும்பத்தை ஓட்டுனது இப்படித்தானே. தடைக்காலத்துல வத்தக்குழம்பு வைக்காத மீனவர் வீடு உண்டா?

ஏன் எப்பப் பாத்தாலும் கொத்தவரங்காய்னு குரூப்புல ஒரு கூட்டம் கிண்டல் பண்ணிக்கிட்டே இருக்கும். காரணம் இருக்கு சாமி. காய்கறிகள்ல உப்பைத் தாங்குறதுல கொத்தவரை பெரிய கில்லாடி, தட்டைப்பயறும் ஓரளவு தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் எல்லாம் கொஞ்சம் உப்பு ஏறுனாலே சுருண்டுரும். அதனால கேரட் பீன்ஸ் வேணுங்குறவங்க ராம்நாடு மார்க்கெட்டுலதான் வாங்கிக்கணும், பங்குல வராது, சேரும்போதே சொல்லிருவாங்க. சொல்லியும் சண்டை போட்டு விலகிப் போனவங்க உண்டு. கீழக்கரையில ஒரு லாத்தா மட்டும் நேர் எதிர், சுரைக்கா எவ்வளவு வந்தாலும் பத்தலைங்குறாங்க, நோன்பு மாசம் வந்தா அடுத்தவங்க பையில மிஞ்சுற சுரைக்காயும் அங்கதான் போகுது. பை மாத்திக்கிறதுக்குன்னே தனியா ஒரு குரூப் ஓடுது, சனிக்கிழமை ராத்திரி அதைப் படிச்சா சீரியல் பாக்கவே வேணாம்.

சாப்பாடு சொல்லாம விட்டா பாவம். மாசியில போனப்ப மதியம் அங்கயே சாப்பிட்டேன், அப்பப் பறிச்ச கத்தரிக்காயும் நெத்திலிக் கருவாடும் போட்ட குழம்பு, தொட்டுக்க புளிச்சக்கீரை. குழம்புல கிடந்தது குண்டு மிளகாய், 2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம ராமநாதபுரம் முண்டு. ஆனா அது இங்க விளையுறது இல்ல, ஆர்.எஸ்.மங்கலம், முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசல்லதான் அதோட ஆட்டம், மணல்ல வராது. அக்கா மூட்டையா வாங்கி பங்கு வீடுகளுக்குப் பிரிச்சுக் குடுக்குறாங்க, அதுக்குத் தனிக் காசு.

போறதா இருந்தா தை கடைசியில இருந்து பங்குனி பாதி வரைக்கும் போங்க, சனிக்கிழமை மட்டும் வேணாம், பை கட்டுற அன்னைக்கு உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது, இல்ல உங்க கையிலயே தராசைக் குடுத்துருவாங்க. ரூம் ராம்நாட்டுல போட்டுக்கலாம். சாயங்காலம் பக்கத்துல அரியமான் பீச் இருக்கு, சவுக்குத் தோப்பு, அலையே இல்லாத பாக் ஜலசந்தி, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக நல்ல இடம்.

வீடுகளைக் கூட்டலாமேன்னு கிளம்புறப்ப கேட்டேன், அம்பது வீடா ஆக்குனா கையில காசு புரளுமேன்னு. அக்கா நோட்டைத் திறந்து போன வைகாசிப் பக்கத்தைக் காட்டுனாங்க. "முப்பது வீட்டுக்கே அந்த மாசம் கிணறு இவ்வளவு உப்பு காட்டிருச்சு தம்பி. அம்பது வீடுண்டா கூட ஒரு மணி நேரம் மோட்டாரு ஓடணும். எத்தனை வீடுண்டு நான் முடிவு பண்றது இல்ல, கிணறு பண்ணுது."

அதனால இப்போதைக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான். பங்கு வீட்டுல யாருக்காவது டிரான்ஸ்பர் வந்துச்சுன்னா அடுத்த ஆளுக்கு போன் போகும். நான் பாத்தப்ப லிஸ்டுல முதல் பேரா இருந்த ஒரு பெரியவர், பங்கு வாங்கி வச்சிருக்க தாசில்தார் ஆபீஸ் கிளார்க்குக்கு எப்ப மாத்தல் வரும்னு வாராவாரம் போன் பண்ணி விசாரிச்சுக்கிட்டு இருக்காராம்.