போக்கர் பையன்களின் கணக்கு வழக்கு

கோவையில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். மில் சூப்பர்வைசர், கிரைண்டர் வியாபாரி, ஸ்கூல் டீச்சர், ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர் என்று வழக்கமான ஆட்கள்தான் வருவார்கள். சில வருஷங்களாக அவர்களோடு இன்னொரு வகையும் சேர்ந்துகொண்டது. இன்டர்நெட்டில் காசு கட்டிப் போக்கர் ஆடும் பையன்கள். முதலில் ஒருவன் வந்தான், அவன் சொல்லி நாலு பேர் வந்தார்கள். பெரும்பாலும் இன்ஜினியரிங் படித்தவர்கள். பகலில் ஐ.டி. கம்பெனி, ராத்திரியில் சீட்டு. ஓரிருவர் வேலையையும் விட்டுவிட்டு இதிலேயே இறங்கியவர்கள்.

எனக்குச் சீட்டில் கழுதை ஆட்டம் தவிர எதுவும் தெரியாது. போக்கரை அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆடுகிறவர்கள் ஒருவரோடொருவர்தான் மோதுகிறார்கள். கம்பெனி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும், அதற்கு ரேக் என்று பெயர். நன்றாக ஆடுகிறவனும் மாதக்கணக்கில் தோற்கலாம். அதை வேரியன்ஸ் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஆடிய நேரம், கட்டிய காசு, வந்த காசு எல்லாம் எக்செல் ஷீட்டில் இருக்கும். என்னிடம் வரும் வியாபாரிகளில் பாதிப்பேர் இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைப்பதில்லை.

இது திறமையா, அதிர்ஷ்டமா? நாட்டின் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைப் பல வருஷம் மென்றன. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. போக்கருக்கு அப்படித் தெளிவான ஒரு தீர்ப்பு வாய்க்கவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017ல் அதைச் சூதாட்டத்தோடு சேர்த்தது. வேறு உயர் நீதிமன்றங்கள் திறமை என்றன. தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 3ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

முழுநேரமாக ஆடும் ஒரு பையன் அந்த இடைக்காலத்தில் பெங்களூருக்குக் குடிபோனான். ஆப் நம் மாநிலத்துக்குள் திறக்காது, லொகேஷன் பார்த்து மூடிவிடும். வீடு பிடித்து, இன்டர்நெட் இழுத்து, ஆடத் தொடங்கிச் சில மாதம் போனது. இங்கே தடை நீங்கியது. அக்டோபரில் கர்நாடகம் தடை போட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். வீட்டு ஓனர் அட்வான்ஸில் பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றமும் அந்தத் தடையை ரத்து செய்தபோது எனக்கு போன் செய்து, “இப்ப என்னங்க சார் பண்றது, திரும்பப் போகட்டுமா?” என்று சிரித்தான். போகவில்லை.

ஆன்லைன் சூதாட்டம் பற்றி ஆராய்ந்த, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழக அரசு கொண்டுவந்த புதுத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. நவம்பர் 9ஆம் தேதி வந்த தீர்ப்பில் சட்டம் தப்பியது, ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களையும் அது தடுக்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையன்கள் கொண்டாடினார்கள். நான் கொண்டாடவில்லை. அவர்களை உண்மையில் அமுக்கியது அதே 2023ல் வந்த வேறு இரண்டு மாற்றங்கள். அவற்றைப் பற்றி டிவியில் யாரும் விவாதிக்கவில்லை.

ஒன்று வருமான வரி. ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த பணத்துக்குத் தனிப் பிரிவு போட்டு, நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதத்தைக் கம்பெனியே பிடிக்க வேண்டும் என்றார்கள். பணத்தை வெளியே எடுக்கும்போது பிடிப்பார்கள். எடுக்காமல் விட்டிருந்தாலும் மார்ச் 31 அன்று வாலெட்டில், அதாவது ஆப்புக்குள் இருக்கும் அவன் கணக்கில், என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துப் பிடிப்பார்கள். வியாபாரத்தில் போல செலவைக் கழிக்க முடியாது. இந்த வருஷத் தோல்வியை அடுத்த வருஷ வெற்றியில் ஈடுகட்டவும் முடியாது.

இதைப் புரியவைக்க அவர்களிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். வருஷத்தில் 2 லட்சம் போட்டாய், மார்ச் 31ல் வாலெட்டில் 7 லட்சம். ஜெயித்தது 5 லட்சம், வரி ஒன்றரை லட்சம் போய்விட்டது, மிச்சம் ஐந்தரை. ஏப்ரலுக்குப் பிறகு நேரம் சரியில்லை, 4 லட்சம் தோற்றாய். மீதி ஒன்றரை லட்சத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாய். ஆட்டத்தில் உன் லாபம் ஒரு லட்சம். கட்டிய வரி ஒன்றரை லட்சம், ரிட்டர்ன் போடும்போது வரிக்கு மேல் செஸ் என்று இன்னும் ஆறாயிரம். ஜெயித்தவன் கைக்காசை இழந்துவிட்டுப் போகிறான். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் பையன்கள் இந்த இடத்தில் போனை எடுத்துக் கால்குலேட்டரில் சரிபார்ப்பார்கள். சரியாகத்தான் வரும்.

இன்னொன்று ஜி.எஸ்.டி. 2023 அக்டோபர் முதல் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம். நூறு ரூபாய் போட்டால் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 78 ரூபாய்தான் மிஞ்சும். ஆளைப் பிடித்து வைக்கப் பல கம்பெனிகள் அந்த வித்தியாசத்தை போனஸாகத் திருப்பித் தந்தன. ஜெயித்த பணத்தை எடுக்காமல் அதைக்கொண்டே மறுபடி ஆடினால் இந்த வரி கிடையாது. ஆகவே எல்லாரும் பணத்தை உள்ளேயே விட்டு வைத்தார்கள். விட்டு வைத்தால் மார்ச் 31ல் வருமான வரி வந்து நிற்கும். ஒரு வரி பணத்தை உள்ளே தள்ளியது, இன்னொன்று உள்ளே வந்து பிடித்தது. பெரிய பேங்க்ரோல், அதாவது ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிய பணம், வைத்திருந்தவர்கள் எப்படியோ தாங்கினார்கள். சின்னத் தொகையில் நிதானமாக ஆடி மாதம் இருபது, முப்பதாயிரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் காணாமல் போனார்கள்.

சில சங்கடங்கள் வீட்டுக்குள்ளேயே வெடித்தன. ஒரு பையனின் வருமான வரி போர்ட்டலுக்கு அவன் கல்லூரியில் படிக்கும்போது அப்பா தன் ஈமெயிலைக் கொடுத்திருந்தார். சம்பளம் மட்டும் என்று நினைத்து அவன் தானே ஐ.டி.ஆர். 1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட்டுவிட்டான். ஆட்டத்தில் வந்த வருமானம் இருந்தால் அந்தப் படிவமே செல்லாது. நோட்டீஸ் அப்பாவுக்குப் போனது. அவர் பிரின்ட் எடுத்துக்கொண்டு மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். “கேம் ஆடுனா கவர்மென்டு எதுக்குங்க இவன் பேர்ல டேக்ஸ் புடிக்குது?” என்று கேட்டார். பையன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் வைத்து நான் ஆட்டத்தின் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். என் மேஜைக்கு வருகிறவன் பெரும்பாலும் ஜெயித்தவன். தோற்றவன், யாரிடம் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் வரமாட்டான். ஜெயிக்காதவனிடம் பிடிக்க வரி ஏது? ஒரு மில் ஊழியரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை வீட்டுக் கடனுக்காகப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ரம்மி ஆப்புக்கு ஐநூறு, ஆயிரம் என்று பக்கம் பக்கமாக யு.பி.ஐ.யில் போயிருந்தது. நடுவில் இரண்டு பர்சனல் லோன் வந்து, வந்த வேகத்திலேயே கரைந்திருந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் ராத்திரி 12 முதல் காலை 5 வரை ஆட்டத்தை மூடச் சொன்னபோது எனக்கு அந்த ஸ்டேட்மென்ட்தான் ஞாபகம் வந்தது. போக்கர் பையன்களுக்கோ அது பெரிய அடி. பெரிய டோர்னமென்ட்கள் சாயங்காலம் தொடங்கி விடியற்காலை வரை போகும். 12 மணிக்கு வெளியேற வேண்டியவன் அதில் உட்காரவே முடியாது. இரண்டும் உண்மை. ஆனாலும் அந்த விதி சரியென்றே நினைக்கிறேன். ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அப்புறம் அதே வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசின் மசோதா. 20ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்று அந்தச் சட்டம் ஒரே வரியில் முடித்துவிட்டது. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருஷம், 50 லட்சம். பணம் போக வழிசெய்யும் பேங்குக்கும் தண்டனை உண்டு. ஆடுகிறவனுக்கு மட்டும் கிடையாது, அவன் பாதிக்கப்பட்டவனாம். முழுநேரப் பையனுக்கு அந்தச் சலுகைதான் ரொம்ப உறைத்தது. “தண்டிச்சிருந்தாக்கூட மரியாதையா இருந்திருக்கும் சார்” என்றான். வேடிக்கை என்னவென்றால், செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, தடை செய்தாகிவிட்ட இதே ஆட்டத்துக்கு வரியை 40 சதவீதமாக்கியது.

அந்த வருஷம் ரிட்டர்ன் கெடு செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருந்ததால், ஆப் மூடியதும் ரிட்டர்ன் வேலையும் ஒன்றாக வந்து விழுந்தன. வாலெட்டில் இருந்ததை எல்லாரும் எடுத்தார்கள், எடுத்ததில் வரியும் போனது. சிலர் இப்போது வெளிநாட்டு சைட்டில் கிரிப்டோ வழியாக ஆடுவதாகச் சொல்லிக் கணக்கை எப்படிக் காட்டுவது என்று கேட்கிறார்கள். அங்கே யாரும் டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிக்கமாட்டார்கள், ஆனால் வரி உண்டு. சட்டவிரோதமாக வந்தாலும் வருமானம் வருமானம்தான். பணம் திரும்பி வராவிட்டால் எங்கேயும் புகார் கொடுக்க முடியாது. நான் அந்தக் கணக்குகளை எடுப்பதில்லை.

மற்றவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். லாகின் வேலை செய்யும்போதே பழைய லெட்ஜர், டி.டி.எஸ். சான்றிதழ் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கடையைக் கட்டிவிட்டால் கேட்டு வாங்க ஆள் இருக்காது. துறைக்குப் பழைய கணக்கைக் கிளற மூன்று வருஷத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது, காட்டாமல் விட்ட வருமானம் ஐம்பது லட்சத்தைத் தொட்டால் ஐந்து வருஷத்துக்கு மேல்.