அப்பாவின் நிறத்திலேயே ஒரு படம்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். குடியாத்தத்தில் ஒரு சின்ன மண்டபம். கேமரா மேலேயே ஃபிளாஷைச் செருகி, நேருக்கு நேராக முகத்தில் அடித்தேன். ஆல்பம் போடக் கொடுத்த இடத்தில், நாங்கள் கேட்காமலேயே எல்லா முகத்தையும் வெளுத்துக் கொடுத்துவிட்டார்கள். அம்மா ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, உங்கப்பா மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது" என்றார்.

அப்பா நல்ல கறுப்பு. நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். நெற்றியில் மூன்று கோடு, ஒட்டிய கன்னம், இடது புருவத்தில் சின்ன வயதுத் தழும்பு. ஆல்பத்தில் இவை எதுவுமே இல்லை. கோபத்தோடு என் கேமராவில் இருந்த மூலப் படத்தைத் திறந்தேன். அதிலும் இல்லை. நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, சுவரில் காதின் நிழல், நடுவில் தட்டையான ஒரு முகம். அவர்கள் வெளுப்பதற்கு முன்பே நான் அந்த முகத்தைத் தொலைத்திருந்தேன். அன்றுதான் வெளிச்சத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பொருள் எதுவும் வாங்காமல், வீட்டில் இருந்த எல்இடி பல்பு ஒன்றை ஒயரோடு எடுத்துக்கொண்டேன். மணிக்கணக்கில் உட்கார ஆள் கிடைக்காது என்பதால் எதிரே ஒரு கத்தரிக்காய். பழகுகிறவர்கள் பொதுவாக முட்டையை வைப்பார்கள். முட்டை நிழலைக் காட்டும், ஆனால் பளபளப்பைக் கற்றுத் தராது. எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் இரண்டையும் காட்டியது. வெறும் பல்பைக் காட்டினால் காயின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி, மற்ற இடமெல்லாம் இருட்டு. நடுவில் அப்பாவின் வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டேன். அந்தப் புள்ளி விரிந்து நீண்ட பட்டையானது; காயின் உருண்டை, மேடு, பள்ளம் எல்லாம் எழுந்து வந்தன.

சிவந்த தோலில் முகத்தின் வடிவத்தை நிழல் காட்டிவிடும். கறுத்த தோலில் நிழலுக்கும் தோலுக்கும் வித்தியாசம் குறைவு. அங்கே வடிவத்தைப் பெரும்பாலும் பளபளப்புதான் சொல்கிறது. அதனால் கறுத்த முகத்துக்கு வேண்டியது அதிக வெளிச்சம் இல்லை, பெரிய வெளிச்சம். நான் அதுவரை ஃபிளாஷின் பவரை ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

பெரியது என்றால் முகத்திலிருந்து பார்க்கும்போது பெரியதாகத் தெரிய வேண்டும். சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர், ஆனால் அது இருப்பது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. நமக்கு அது ஒரு சின்ன விளக்குதான். வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் ஒருவரை நிறுத்தினால் கண்குழி இரண்டும் கறுத்துப் போவது அதனால்தான். வேலூர்க் கோட்டை வாசலுக்குள் இரண்டு எட்டு உள்ளே நிறுத்தி, வெளியே பார்க்கச் சொன்னால் அதே நேரத்தில் முகம் மென்மையாக வரும். தலைக்கு மேல் கல், எதிரே முழு வானம். அக்கா பையனை வைத்து நாலைந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே பழகினேன். கண்ணுக்குள் வானத்தின் வெள்ளைத் துண்டு தெரிந்தால் எடுப்பேன், தெரியாவிட்டால் அவனை நகர்த்துவேன்.

அப்புறம்தான் பழைய ஸ்டாண்ட், ஃபிளாஷைத் தள்ளி வைத்தே அடிக்க உதவும் டிரிகர், வெளிச்சத்தைப் பரப்ப ஒரு வெள்ளைக் குடை வாங்கினேன். ஃபிளாஷ் கேமராவை விட்டு இறங்கியது. குடையை முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே வைத்து, மூக்கின் நிழலை மட்டும் பார்க்கப் பழகினேன். விளக்கை இன்னும் பக்கவாட்டில் நகர்த்தினால் அந்த நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சம் மிஞ்சும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரில் சொல்கிறார்களே, அது.

தூரக் கணக்கு எனக்கு மெதுவாகத்தான் ஏறியது. விளக்கின் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிறது. எங்கள் வீட்டில் பின்னால் தள்ளி நிற்க இடமே கிடையாது. ஆனாலும் விளக்கு முகத்துக்கு அரை மீட்டரிலும் பின்சுவருக்கு இரண்டு மீட்டரிலும் இருந்தால், சுவருக்குப் போவது பதினாறில் ஒரு பங்குதான். வெள்ளைச் சுவர் சாம்பலாகி, கறுப்பாகிக் காணாமல் போகும். கறுப்புத் துணி வாங்கும் செலவு மிச்சம்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியை நம்பியதும் என் பழைய தவறுதான். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் சட்டகத்தை நிறைத்தால் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்து அப்பாவின் முகத்தை இருட்டாக்கும். முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் ஏற்றி வெளுக்கும். இப்போது எல்லாமே மேனுவல், நானே வைப்பது: ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/160 நொடி, லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 200. ஃபிளாஷ் பவரை மட்டும் படம் பார்த்து மாற்றுவேன்.

இவ்வளவும் சரியாக வைத்த பிறகும் அப்பாவின் கன்னம் ஒரு பக்கம் பச்சையாக வந்தது. கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால், கூடத்துச் சுவருக்கு அடித்த பச்சைப் பெயின்ட்! ஃபிளாஷ் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழுந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையை நிறுத்தியதும் பச்சை போய்விட்டது, நிழலும் கொஞ்சம் இளகியது.

அப்பா தறிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "எவ்ளோ நேரம்டா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்தத் திருப்பத்தில் எடுத்தேன். நெற்றிக் கோடு மூன்றும் இருந்தன. பிரிண்ட் போடும் இடத்தில் "முகத்தை ஃபேர் பண்ணிடவா?" என்று கேட்டார்கள். "ஒரு புள்ளிகூடத் தொடாதீங்க" என்று பக்கத்திலேயே நின்று வாங்கி வந்தேன். அம்மா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, "தழும்பு கூடத் தெரியுது" என்றார்.

அடுத்து அம்மாவை எடுக்க வேண்டும். அவர் கண்ணாடி போட்டிருப்பதால் குடையின் வெள்ளை வட்டம் அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குடையை இன்னும் உயர்த்திப் பார்த்தேன், பாதி போனது. கண்ணாடியின் காம்பைக் காதிலிருந்து சற்றே தூக்கி வைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், மீதியும் போய்விடும். அதற்கு அவர் தலையை ஆட்டாமல் உட்கார வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்த பிறகு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.