620 கிலோமீட்டர், ஒரு நாய், ஒரு பூனை

போன மே லீவுக்கு சென்னைல இருந்து திருநெல்வேலிக்கு கார்லயே கிளம்பிட்டோம், நாங்க ரெண்டு பேர், நாய் மணி, பூனை சிட்டு. மணி ஜாலியா தான் வந்தான், ஆனா கிளம்புற நேரத்துல அம்மா பாசத்துல ரெண்டு இட்லி ஊட்டி விட்டுட்டாங்க, செங்கல்பட்டு கூட தாண்டல, சீட் கவர் பூரா இட்லி. மூணு நாலு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்ட நிறுத்திடுங்க, தண்ணி மட்டும் போதும்.

சிட்டு வேற ரகம். ஒரு வாரம் முன்னாடியே கூடைய ஹால்ல திறந்து போட்டு என் பழைய லுங்கிய விரிச்சு பழக்கியும் விழுப்புரம் வரைக்கும் ஒரே கத்து, மேல துண்டு போட்டு மூடினதும் தான் அடங்குச்சு. பாவமேன்னு வெளிய மட்டும் விட்றாதீங்க, நேரா பிரேக்குக்கு அடியில போய் உக்காந்துக்கும்.

டீக்கு நிறுத்தினா ஒருத்தர் ஏசி போட்டு கார்லயே இருக்கணும், இதுல விளையாட்டே வேணாம். வெயில்ல நிக்கிற கார் பத்தே நிமிஷத்துல 10 டிகிரி ஏறிடும், நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது.

ஆச்சி வீட்ல கூடைய திறந்ததும் சிட்டு கட்டிலுக்கு அடியில போனது தான், மறுநாள் நெத்திலி வாசனைக்கு தான் வெளிய வந்துச்சு.