980 ரிங்கிட்டும் அதற்குப் பிறகும்: வறுமைக்கோடு பற்றிச் சில எண்ணங்கள்

2016ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வக் கணக்கின்படி மலேசியக் குடும்பங்களில் ஏழைகள் வெறும் 0.4 விழுக்காட்டினர். அதற்கு அடிப்படையாக இருந்த வறுமைக்கோட்டு வருமானம் குடும்பத்திற்கு மாதம் 980 ரிங்கிட். நால்வர் உள்ள வீடு என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வரும். சாப்பாடு, வாடகை, மின்கட்டணம், பேருந்துச் செலவு, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கோலாலம்பூரின் செந்தூல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஒருவேளை மதிய உணவுக்கே அந்தத் தொகை போதாது என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தீவிர வறுமை, மனித உரிமைகள் தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019 ஆகஸ்டில் இங்கு வந்து, உண்மை நிலை 16 முதல் 20 விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்று சொன்னபோது, அரசாங்கம் முதலில் அதை ஏற்கவில்லை. ஆயினும் 2020 ஜூலையில் புள்ளிவிவரத் துறை புதிய முறையில் கணக்கிட்டு, 2019க்கான கோட்டை 2,208 ரிங்கிட் என்றும், வறுமை விகிதத்தை 5.6 விழுக்காடு என்றும் அறிவித்தது. ஏறத்தாழ நான்கு லட்சத்து ஐயாயிரம் குடும்பங்கள் அதற்குள் வந்தன. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த எண் வேறொன்று: புதிய கணக்கில் உணவுக்கான பங்கு மட்டுமே 1,169 ரிங்கிட். அதாவது, பழைய கோடு முழுவதையும் சாப்பாட்டுக்கே செலவிட்டிருந்தாலும் ஒரு குடும்பம் சத்தாக உண்டிருக்க முடியாது.

இத்தகைய கோடு எப்படிப் பழசாகிறது? 1970களில் வகுக்கப்பட்ட முறை 2005இல் ஒருமுறை திருத்தப்பட்டது; அடுத்த திருத்தம் 2019க்கான கணக்கில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விலைவாசி உயர்வு சேர்க்கப்பட்டதே தவிர, எதை அத்தியாவசியம் என்று கருதுவது என்ற பட்டியல் பெரிதாக மாறவில்லை. அமெரிக்காவிலும் இதுவே கதை: 1963இல் மோலி ஒர்ஷான்ஸ்கி சிக்கன உணவுச் செலவை மூன்றால் பெருக்கி வகுத்த கோட்டை, இன்றுவரை விலையேற்றத்தை மட்டும் சேர்த்துப் பயன்படுத்தி வருகிறார்கள். உணவுப் பகுதியைச் சத்துணவு வல்லுநர்கள் சொல்லும் அளவைக் கொண்டு கணிக்கலாம். உணவல்லாத பகுதியில்தான் சிக்கல். குறைந்த வருமானக் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்பதைப் பார்த்தே அது பெரும்பாலும் கணிக்கப்படுகிறது. பணமில்லாததால் பல் வைத்தியரிடம் போகாதவரின் செலவுக் கணக்கில் பல் வைத்தியம் இருக்காது. கணக்கில் இல்லாததால் அது தேவைப் பட்டியலிலும் ஏறாது. இல்லாமையே அளவாகிவிடும் இந்த வட்டத்தை உடைக்காமல் விலையை மட்டும் திருத்துவதில் பயன் குறைவு.

மலேசியத் தமிழர்களான நம் சமூகத்தின் வரலாறு இந்தக் கணக்கோடு நேரடியாக மோதும் இடம் ஒன்று உண்டு. 1970இல் தீபகற்ப மலேசியாவில் வறுமை 49.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 39.2. அன்று தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் கூலி மிகக் குறைவு என்றாலும், லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. பின்புறம் கொஞ்சம் கீரையும் கத்தரியும் விளைந்தன. தமிழ்ப்பள்ளிக்குப் பெரும்பாலும் பிள்ளைகள் நடந்தே போனார்கள். தோட்ட வாழ்க்கை வளமானது என்று நான் சொல்லவரவில்லை. என் பாட்டி உயிரோடிருந்தால் அப்படிச் சொல்ல விடவும் மாட்டார். ஆனால் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விற்கப்பட்டு, மக்கள் கோலாலம்பூரின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தபோது, கையில் வரும் பணம் கூடியது. அதைவிட வேகமாக, முன்பு பணம் கேட்காத ஒவ்வொன்றும் பணம் கேட்கத் தொடங்கியது. கோட்டைத் தாண்டியவர்களாகப் பதிவான எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தாண்டலின் ஒரு பகுதி வெறும் காகித மாற்றம்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் அடுக்குமாடியில் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையைச் சில காலமாகச் செய்து வருவதால், இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வறுமைக்கோட்டோடு ஒப்பிடப்படுவது மொத்த வருமானம். கைக்கு வரும் தொகை அல்ல. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் ஒரு பாதுகாவலருக்கு ஊழியர் சேமநிதியும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் போகக் கையில் கிடைப்பது ஏறக்குறைய 1,500. கணவனும் மனைவியும் அதே சம்பளத்தில் வேலை செய்தால் வீட்டு வருமானம் 3,400 ஆகி, 2022க்கான சராசரிக் கோடான 2,589ஐத் தாண்டிவிடுகிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கோ அந்த வீட்டின் உத்தேச வாடகையும் வருமானமாகச் சேர்க்கப்படுகிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கோலாலம்பூரில் இரண்டு பிள்ளைகளுடன் ஓரளவு கண்ணியமாக வாழ ஒரு தம்பதிக்கு 2016இலேயே மாதம் 6,500 ரிங்கிட் தேவைப்பட்டது. இரண்டும் அளப்பது வெவ்வேறு என்பது உண்மையே. ஆனால் இரண்டுக்கும் நடுவில் வாழ்பவர்களுக்குப் பெயரில்லை. வருமானத்தில் கீழ்நிலையிலுள்ள 40 விழுக்காட்டினரைக் குறிக்கும் பி40 என்ற பொதுப்பெயர் அவர்களை எங்கோ கரைத்துவிடுகிறது.

யூனிசெஃப் கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியைத்தான் காட்டியது. அங்கிருந்த பிள்ளைகளில் அப்போதைய கோட்டின்படி ஏழைகள் 7 விழுக்காட்டினர். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வளர்ச்சி குன்றியவர்களோ 22 விழுக்காட்டினர். பிள்ளையின் உயரம் சொல்லும் செய்தியைக் குடும்ப வருமானம் சொல்லாதபோது, நான் உயரத்தைத்தான் நம்புவேன்.

கோட்டை உயர்த்தினால் ஏழைகள் திடீரெனப் பெருகிவிட்டதாகத் தோன்றும் என்ற தயக்கம் எந்த அரசாங்கத்திற்கும் இயல்பு. 2020இல் செய்யப்பட்ட ஒரு நல்ல காரியம் அதற்கு வழி காட்டுகிறது: புதிய முறையைக் கொண்டு 2016ஐயும் மறுபடி கணக்கிட்டு, அவ்வாண்டின் வறுமை 7.6 விழுக்காடு என்று வெளியிட்டார்கள். அதனால் 2019இல் வறுமை குறைந்திருந்ததையும் நேர்மையாகச் சொல்ல முடிந்தது. தேவைப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது கட்டாயம் என்று ஆக்கி, ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுகளை இப்படித் திருத்தி வெளியிட்டால், அடுத்த திருத்தத்திற்காக வெளிநாட்டு வல்லுநர் ஒருவர் வந்து குறை சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோலாலம்பூருக்கு மாநில அளவிலான ஒற்றைச் சராசரியோடு நிறுத்திக்கொள்ளாமல், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கென்று தனி எண்களும் வேண்டும். குடும்ப வருமான ஆய்வு குடிமக்களின் வீடுகளை மட்டுமே எடுத்துக்கொள்வதால், பல தலைமுறைகளாக இங்கேயே இருந்தும் குடியுரிமை கிடைக்காத நம்மவர் வீடுகள் எந்தக் கோட்டுக்கும் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவர்களைக் கணக்கில் சேர்ப்பதற்குப் புதிய சூத்திரம் எதுவும் தேவையில்லை. ஆய்வாளர்கள் அந்தக் கதவுகளையும் தட்ட வேண்டும் என்ற உத்தரவு போதும்.