எஞ்சின் ஏன் போனது என்று எழுதப்போவது யார்?

வாங்கி ஓராண்டுகூட நிறையாத என் காரின் எஞ்சின், ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து ‘டக் டக்’ என்று தட்டத் தொடங்கி, சற்று நேரத்தில் சிவப்பு ஆயில் விளக்கும் எரிய, அப்படியே இறுகி நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகமெடுக்கும் அந்தத் தட்டல் கேட்டால், பிஸ்டனிலிருந்து வரும் தண்டு எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டைப் பற்றும் இடத்திலுள்ள தாங்கியான கனெக்டிங் ராட் பேரிங் மீதுதான் அனுபவமுள்ள மெக்கானிக்கின் சந்தேகம் முதலில் விழும். வாரண்டிதான் இருக்கிறதே, வண்டியை இழுத்துக்கொண்டு போய் விட்டால் போதும் என்றார்கள் நண்பர்கள். வாரண்டி பொறுப்பேற்பது பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு மட்டும்தான். பராமரிப்பின்மையால் வந்தது என்று சர்வீஸ் சென்டரின் பழுதுப் பதிவுத் தாளான ஜாப் கார்டில் ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், செலவு முழுவதும் நம் தலையில் விழும். ஆகவே, பழுது பார்ப்பதைவிடப் பழுதின் காரணத்தை யார், எதை வைத்து எழுதுகிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

எதிர்பார்த்தபடியே, சர்வீஸ் மேலாளரின் முதல் கேள்வி ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்பதாக இருந்தது. தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் கிரேடு ஆகிய மூன்றும் உள்ள பில்களைக் கொடுத்தேன். அடுத்ததாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் பதிவாகியிருந்த பிழைக் குறியீடுகளையும், பிழை நேர்ந்த கணத்தின் சுழற்சி வேகம், வெப்பநிலை போன்ற விவரங்களையும் அழிப்பதற்கு முன் அச்செடுத்துத் தரும்படி கேட்டேன். ஸ்கேனரால் குறியீடுகளை அழிக்கும்போது இந்த விவரங்களும் சேர்ந்தே அழிந்துவிடும்; எஞ்சினை அளவுக்கு மீறி விரட்டினீர்கள் என்று பின்னால் யாராவது சொன்னால், மறுக்க நம்மிடம் எதுவும் இருக்காது.

‘புது எஞ்சின் இப்படித் தானாகப் போகாது சார்’ என்றார் மேலாளர். போகும். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடாமல், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே உள்ள இடைவெளியில், அழுத்தத்தோடு வரும் ஆயில் படலத்தின் மீதுதான் சுழல்கிறது. தொழிற்சாலையில் கடைந்தபோது உதிர்ந்த உலோகச் சீவல் ஆயில் வழியில் தங்கிவிட்டால், அந்தப் படலத்தைக் கிழிக்க அதுவே போதும். இதே காரணத்துக்காக டொயோட்டா 2024-இல் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2025-இல் 6.2 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளை, கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட் தயாரிப்புக் குறைகளுக்காக அங்கே திரும்ப அழைத்தது. என் வண்டி இந்த இரண்டு நிறுவனங்களுடையதும் அல்ல. ஆனாலும் மேலாளரின் வாதத்துக்கு இவை போதுமான பதில்.

எஞ்சினைத் திறக்கச் சம்மதக் கையெழுத்துக் கேட்டபோது, நான் உடனிருக்கும்போதுதான் திறக்க வேண்டும், கழற்றிய பாகங்களை முடிவு வரும்வரை அப்புறப்படுத்தக் கூடாது என்று அதே தாளில் எழுதிய பிறகே கையெழுத்திட்டேன். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றினார்கள். அடியில் தேங்கியிருந்த ஆயில் டார்ச் வெளிச்சத்தில் ஜரிகைத் தூள் கரைத்ததுபோல் மின்னியது. ஒரு ராடின் பேரிங்கின் இரண்டு அரைவட்ட ஓடுகளில் ஒன்று இடம் பெயர்ந்து மற்றதன் மேல் ஏறியிருந்தது. கிராங்க் ஷாஃப்டில் அது அமரும் பகுதி சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இவற்றைவிட எனக்குப் பயன்பட்டது மேலே வால்வ் கவருக்குள் தெரிந்த காட்சிதான்: ஆயிலை மாற்றாமல் நாள்கடத்திய எஞ்சினில் கறுப்புக் கசடு அப்பிக் கிடக்கும், இங்கே உலோகம் சுத்தமாக இருந்தது. அதை நிறையப் படம் எடுத்துக்கொண்டேன்.

என் வாரண்டிக் கோரிக்கை ஏற்கப்பட்டது. தாமதமாகத்தான், ஆனால் ஏற்கப்பட்டது. அதோடு ஓய்ந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிறுவனம் அனுமதித்தது ஷார்ட் பிளாக் மட்டும். அதாவது பிளாக், கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன்கள் புதியவை, சிலிண்டர் ஹெட், டர்போ, ஆயில் கூலர் எல்லாம் பழையவை. பேரிங் அரைபட்ட தூள் ஆயிலோடு எஞ்சின் முழுவதும் சுற்றி வந்திருக்கும். குறிப்பாக ஆயில் கூலரின் குறுகிய வழிகளில் சிக்கிய துகள்களை முழுமையாகக் கழுவி எடுப்பது கடினம். பழைய கூலரையே மாட்டினால் அந்தத் தூள் புதிய பேரிங்குகளைத் தேடி வரும். ஆகவே ஆயில் கூலரையும் ஆயில் பம்பையும் டர்போவின் ஆயில் குழாய்களையும் மாற்ற வேண்டும், ஹெட்டைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று காரணத்தோடு மின்னஞ்சல் அனுப்பினேன். சர்வீஸ் சென்டரின் மூத்த டெக்னீஷியனே என் பக்கம் நின்றார். மறுபடியும் அதே எஞ்சினை இறக்க அவருக்கும் விருப்பமில்லை. கூலரும் குழாய்களும் பம்பும் கிடைத்தன. டர்போவைச் சோதித்துவிட்டு அப்படியே மாட்டினார்கள். அதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

வண்டியை எடுக்கும்போது, மாற்றிய பாகங்களின் பட்டியலையும், அவற்றுக்கான வாரண்டி எதுவரை என்பதையும் எழுத்தில் வாங்கினேன். பொதுவாக, பழைய வாரண்டியில் மிச்சமிருக்கும் காலம்தான் மாற்றிய பாகங்களுக்கும் பொருந்தும். புதிதாக முழுக்காலமும் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். பிளாக் மாறியதால் எஞ்சின் எண்ணும் மாறியிருந்தது. நிறுவனத்தின் கடிதத்தை இணைத்து, வாகனப் பதிவிலும் காப்பீட்டிலும் புதிய எண்ணை ஏற்றும்படி விண்ணப்பித்திருக்கிறேன்.