செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு: என் ஸ்டுடியோ இணைப்பு மாறிய கதை

கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் வடிவமைத்து பிரஸ்ஸுக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. பழைய டெலிபோன் லைனில் வந்த ஏடிஎஸ்எல் இணைப்பில் டவுன்லோடு ஓரளவு கிடைக்கும்; அப்லோடு 512 கேபிபிஎஸ்தான். அந்த வேகத்தில் ஒரு ஜிபி ஃபைல் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் லைன் கட்டாகிப் பாதியில் நின்றிருக்கும்.

லைன்மேனைக் குறை சொல்ல மாட்டேன். ஏடிஎஸ்எல்2+ தரத்தில் 24 எம்பிபிஎஸ் வரை வரும் என்பதெல்லாம் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. தூரம் போகப் போக செம்பில் சிக்னல் தேய்ந்துவிடும். என் கடை ஊரின் அந்தக் கோடி. ஜாயிண்டில் மழை ஈரம் இறங்கினால் இருப்பதும் போச்சு.

மாறுவது என்று முடிவானதும் கேபிள்காரர், தொலைபேசி நிறுவனம் இரண்டு பக்கமும் விசாரித்தேன். இரண்டுமே ஃபைபர்தான், ஆனால் உள்ளே ஓடும் தொழில்நுட்பம் வேறு. கேபிள்காரரிடம் இருந்தது இபான்: இரண்டு திசையிலும் 1.25 ஜிபிபிஎஸ். மற்றவர்களிடம் ஜிபான்: இறக்கம் 2.5, ஏற்றம் 1.25. இந்த வேகத்தைத்தான், ஒளியைப் பல கிளையாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டரிலிருந்து பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. என் வேலைக்கு இரண்டுமே தாராளம். லைன் அறுந்தால் யார் சீக்கிரம் வந்து ஒட்டுவார்கள் என்று பார்த்தேன். ஜிபான்காரர்களின் உள்ளூர் பார்ட்னர் அடுத்த தெருவில் இருந்ததால் அவர்களிடமே போனேன்.

கேபிள் இழுக்கும் வேலை சட்டென்று முடிந்தது. பெட்டியை மாட்டினார்கள், ஃபைபர் லைன் கிடைத்ததைக் காட்டும் பான் விளக்கும் பச்சையாக எரிந்தது. நெட் மட்டும் வரவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற ஒரே பதில். கடைசியில் வந்த டெக்னீஷியன் தம்பிதான் காரணத்தைச் சொன்னார்: "அண்ணே, எக்ஸ்சேஞ்சுல இருந்து எல்லா வீட்டுக்கும் ஒளி அனுப்புற ஓஎல்டி கருவி ஒரு கம்பெனி, உங்ககிட்ட மாட்டின பெட்டி, அதாவது ஓஎன்டி, வேற கம்பெனி. ரெண்டும் பேசிக்கிட மாட்டேங்குது."

ஜிபான் என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு வகுத்த பொதுத் தரம்தான். ஹுவாவே, இசட்டிஇ, நோக்கியா, நம் நாட்டு தேஜஸ், சி-டாட் என்று பலரும் அதற்குக் கருவி செய்கிறார்கள். ஆனால் ஓஎல்டி வீட்டுப் பெட்டிக்கு உத்தரவு போடும் ஓஎம்சிஐ முறையில் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று சில சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால் ஒளி வந்து சேர்ந்தாலும், நெட் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் விலேன் அமைப்பு பெட்டிக்குள் இறங்காமல் நின்றுவிடும். நெட்வொர்க்குக்கு ஒத்துவராத பெட்டியைக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளரை ஆஃப்-ஆன் பண்ணச் சொல்வது அநியாயம். இதைப் பார்ட்னரிடம் நேரிலேயே சொன்னேன்.

வேறு பெட்டி வந்தது, அதன் சீரியல் நம்பரைப் பதிந்தார்கள், நெட் வந்தது. ஆனால் விட்டு விட்டு வந்தது. தம்பி ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரைச் செருகிக் காட்டினார்: மைனஸ் 27 டிபிஎம்மை ஒட்டி. இந்த அளவு பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஒளி வலுவாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே போனால் பெட்டியால் ஒளியைச் சரியாகப் படிக்க முடியாதாம். சுவர்ப் பெட்டியைத் திறந்தால், ஃபைபர் முனைகளை இணைக்கும் பச்சை அடாப்டரில் நீலக் கனெக்டர் செருகியிருந்தது. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாக வெட்டியது, நீலம் நேராக இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. சுவரிலிருந்து பெட்டிக்குப் போகும் பேட்ச் கார்டு என்ற சின்ன ஃபைபர் கேபிளை மாற்றி, ஜன்னல் ஓரம் மடங்கிக் கிடந்த கேபிளையும் நிமிர்த்தினார். மைனஸ் 21. இப்போது ஒரு ஜிபி சில நிமிடத்தில் போய்விடுகிறது.

மாறப்போகிறவர்கள் எம்பிபிஎஸ் மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பகுதி ஓஎல்டி எந்த கம்பெனி, தரப்போகும் ஓஎன்டி அதில் ஏற்கெனவே ஓடுகிறதா என்று கேளுங்கள். மாட்டி முடித்ததும் டிபிஎம் அளவைப் பார்த்து போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் புகார் கொடுக்கும்போது ஒப்பிட உதவும்.

அப்புறம் கரண்ட் விஷயம். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. ஃபைபரில் நம் பெட்டிக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். ரவுட்டருக்கென்று கிடைக்கும், பேட்டரி உள்ள சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று போதும். வாங்கும்முன் பெட்டியின் பவர் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.