வரையாமல் விட்ட இரண்டாவது படம்

டெங்குக் காய்ச்சலைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றுள் இன்றுவரை மனம் ஏற்க மறுக்கும் செய்தி ஒன்றுண்டு. உடம்பு கொதிக்கும் நாட்களைவிட, காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாட்களே அந்நோயில் ஆபத்து மிகுந்தவை. நெற்றி குளிர்ந்துவிட்டது என்று வீட்டார் விபூதி பூசி மகிழ்கிற அதே வேளையில், இரத்தக் குழாய்களின் சுவர் வழியே நீர்மம் கசிந்து வெளியேறி, இரத்தம் தடித்து, அழுத்தம் சரியக்கூடும். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, நிலைகொள்ளாமை ஆகியவை அதற்கான முன்னறிகுறிகள். சென்ற ஐப்பசியில் எட்டு நாள் ஓர் அரசு மருத்துவமனையில் கிடந்தபோது இவற்றை நான் கற்றுக்கொண்டேன். பாடமாக இருந்தவன் பக்கத்துக் கட்டிலில் இருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்.

நான் காரைக்குடியில் முதுநிலை வேதியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். படுக்கையில் விழும் வரை என் நாட்கள் அனைத்தும் 'பிறகு' என்ற ஒரே சொல்லின் மேல் நின்றிருந்தன. நெட் தேர்வு முடியட்டும், பிறகு ஊருக்குப் போகலாம். ஆய்வு உதவித்தொகை கிடைக்கட்டும், பிறகு நண்பர்களோடு நான்கு நாள் எங்காவது சென்று வரலாம். வேலை கிடைக்கட்டும், பிறகு வீட்டைப் பார்க்கலாம். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி போவதற்காக அறை நண்பர்கள் மூன்று பேர் வாசலில் நின்று அழைத்தபோதும், பத்து கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான அந்தத் தொலைவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்தவன் நான். ஞாயிறுதோறும் தாத்தா கைபேசியில் அழைப்பார். எங்கள் பக்கத்தில் பலரும் தாத்தாவை 'ஐயா' என்றுதான் அழைப்போம். "ஐயா, படிச்சுக்கிட்டு இருக்கேன், பிறகு பேசுறேன்" என்று சொல்வேன். அவரும் "சரிப்பா, படி" என்று வைத்துவிடுவார். உண்மையில் அந்த நேரங்களில் பாதியை நான் கைபேசியிலேயே வேறு எதையோ பார்த்துக் கழித்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போடுகிறவர்கள் எல்லோரும் உழைப்பாளிகள் அல்லர்.

மருத்துவமனையில் வரிசையாகக் கொசுவலை கட்டிய கட்டில்கள். இரத்தத் தட்டணுக்கள் இயல்பாக 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். எனக்கு அவை 21,000 வரை இறங்கின. காலையில் செவிலியர் எண்ணைச் சொல்லும்போது தேர்வு முடிவு வெளியாவதைப் போல வார்டு முழுவதும் அமைதியாகிவிடும். எண் மட்டுமே எல்லாமல்ல, இரத்தத்தின் அடர்த்தியையும் அழுத்தத்தையுமே தாங்கள் முதலில் பார்ப்பதாக மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஆனால் மதிப்பெண் பார்த்து வளர்ந்த எங்களுக்கு எண்தான் புரிந்தது.

பக்கத்துக் கட்டில் பையன் இயற்பியல் செய்முறைப் பதிவேட்டை மருத்துவமனைக்கே கொண்டு வந்திருந்தான். வலக்கையில் ஊசி குத்திச் சலைன் ஏறிக்கொண்டிருந்ததால் அவனால் எழுத முடியவில்லை. "அண்ணே, நீங்க எம்.எஸ்சி. தானே? ரெண்டு படம் மட்டும் வரைஞ்சு குடுங்கண்ணே, சார் திட்டுவாரு" என்று கேட்டான். முதற்படம் நிறமாலைமானியும் முப்பட்டகமும். இரண்டாவது செனார் டையோடு சுற்று. எனக்கு இடக்கையில்தான் ஊசி. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு முப்பட்டகத்தின் வழியே ஒளிக்கதிர் விலகும் படத்தை வரைந்து கொடுத்தேன். அளவுகோல் இல்லாததால் ஒரு மாத்திரை அட்டையின் விளிம்பை வைத்துக் கோடு போட்டேன். அவன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க சார் படத்தவிட நல்லாருக்கு" என்றான். இரண்டாவதையும் அப்போதே வரைந்துவிடச் சொன்னான். எனக்குக் கண்ணுக்குப் பின்னால் வலித்தது; அது மெய்தான். ஆனால் வரைய முடியாத அளவுக்கு வலிக்கவில்லை என்பதும் மெய். "நாளைக்குப் போடுறேன்டா, எங்க போயிடப் போற" என்றேன்.

மறுநாள் காலை அவனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவன் அம்மா இட்லி வாங்கி வந்தார். மாலையில் வயிறு வலிக்கிறது என்றான். இரவில் கைகால்கள் சில்லிட்டன. மருத்துவர்கள் ஓடி வந்தார்கள், தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள், விடியுமுன் மதுரைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அவன் தகப்பனார், விட்டுப்போன தூக்குவாளியையும் போர்வையையும் எடுத்துச் செல்ல வந்தார். பதிவேட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. நானும் எதையும் சொல்லவில்லை.

வீடு திரும்பிய பின் கல்லூரிக்குப் போக மூன்று வாரம் ஆயிற்று. அந்த நாட்களில்தான், பள்ளிப் பருவத்துக்குப் பிறகு முதன்முறையாக, ஐயாவோடு சேர்ந்து செட்டியார் வீட்டுக்குப் போய் நெடுநேரம் இருந்தேன். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுள் ஒன்றை அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமைதோறும் திறந்து, பெருக்கி, காற்றோட விட்டு, மாலையில் பூட்டுவார். முன் தெருவில் முகப்பைத் திறந்தால் பின் தெருவில் கதவு முடியும் அளவுக்கு நீண்ட வீடு அது. முகப்பு, பட்டாலை, நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். வளவைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. இப்போது அந்த மகன்களின் பேரப்பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் கூடுவார்கள்; சமையல்கட்டில் இரண்டு நாள் அடுப்பெரியும்; பிறகு பூட்டு. சில அறைகளின் சாவி எந்தப் பங்காளியிடம் இருக்கிறது என்பது ஐயாவுக்கே தெரியாது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பெருக்கி முடித்த பின், வேலை எதுவும் இல்லாத போதும், செருப்பில்லாமல் வளவைச் சுற்றி நாலைந்து முறை நடப்பார். சிறுவயதில் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருந்தேன். இம்முறை கேட்டேன். "ஆத்தங்குடிக் கல்லுப்பா இது. மனுசன் கால் படப் படத்தான் மின்னும். ஆள் நடக்காட்டி மங்கிப்போகும்" என்றார். வேதியியல் மாணவன் என்ற முறையில் அதைச் சரிபார்க்காமல் விட எனக்கு மனமில்லை. ஆத்தங்குடியில் இந்தக் கற்களைச் செய்வதை நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, நாட்கணக்கில் தண்ணீரில் ஊற வைப்பார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடியில் படிந்ததால் வந்த வழவழப்பு அது. பாதங்கள் தேய்க்கத் தேய்க்க, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க, அது கூடுகிறது. ஐயா சொன்னது சரிதான். வளவில் அவர் நடக்கும் சுற்றுப்பாதை மட்டும் சிவப்பும் பச்சையுமாகப் பளிச்சென்று தெரிந்தது. பூட்டிய அறைகளின் கதவிடுக்கு வழியே பார்த்தால் அதே கல் சாம்பல் பூத்துக் கிடந்தது.

இந்த வீட்டைக் கட்டியவர் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தவராம். அந்தக் காலத்தில் நகரத்தார் வீட்டுப் பையன்கள் என் வயதை எட்டுவதற்கு வெகு முன்பே கடை எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகி உயர்வார்கள் என்றும், கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள் என்றும் ஐயா சொன்னார். மூன்றாண்டு அங்கே, சில மாதம் இங்கே. மனைவியும் பிள்ளைகளும் கணக்கு முடியக் காத்திருப்பார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்குமாக எழுந்த இந்த மாளிகைகள், ஒருவகையில், அந்தக் காத்திருப்பின் மேல் கட்டப்பட்டவை: சம்பாதித்து முடித்த பிறகு வந்து நிறைவாக வாழ்வதற்கான வீடு. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்து வந்த மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். வழியில் மாண்டவர்கள் பலர். கணக்குப் புத்தகங்கள் எல்லாம் நடுவில் நின்றன. இந்த வீட்டுக்காரர் உயிரோடு வந்து சேர்ந்தார் என்றும், வந்த பின் முகப்புத் திண்ணையை விட்டு அதிகம் உள்ளே போகவில்லை என்றும் ஐயா தம் தகப்பனார் வழியாகக் கேட்டிருக்கிறார்.

அந்தச் செட்டியார்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வருங்காலத்துக்காக உழைக்காத எவரும் ஓர் ஊரை உருவாக்கியதில்லை. அதே காலத்தில், அதே சமூகத்தில், காலத்தை வேறு விதமாகக் கையாண்ட ஒருவரையும் காரைக்குடியில் படிக்கிற எவரும் மறக்க முடியாது. அழகப்பச் செட்டியார் 1947-இல் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். பெண்கள் கல்லூரிக்காகத் தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டார். 1909 ஏப்ரல் 6-இல் பிறந்தவர் 1957 ஏப்ரல் 5-இல் மறைந்தார். நாற்பத்தெட்டு வயது நிறைய ஒரு நாள் பாக்கி இருந்தது. மேடைகளில் பலமுறை கேட்டுச் சலித்த இந்தத் தேதிகளை, வளவில் உட்கார்ந்துகொண்டு, முதன்முறையாகக் கழித்துப் பார்த்தேன். கலைக் கல்லூரி தொடங்கியதிலிருந்து எண்ணினால் பத்தாண்டுகூட இல்லை. எனக்கு மின்வேதியியலில் ஆர்வம் வந்ததும், நான் அமர்ந்து படிக்கிற மரநிழலும் அந்தப் பத்தாண்டுக்குள் முடிக்கப்பட்ட வேலையின் மிச்சம்.

நோயிலிருந்து எழுந்தவர்களிடம் எல்லோரும் ஓர் அறிவுரையை எதிர்பார்க்கிறார்கள். ஒவ்வொரு நாளையும் கடைசி நாளாக எண்ணி வாழ வேண்டும் என்று நான் சொல்வேன் என எண்ணுகிறார்கள். மாணவனுக்கு அது உதவாத பேச்சு. இன்றுதான் கடைசி நாள் என்றால் யார் குவாண்டம் வேதியியல் படிப்பார்கள்? கல்வி என்பதே நாளைக்கான வேலை; அதைத் துறந்துவிட்டு இன்றைக் கொண்டாடச் சொல்வது, வீட்டையே கட்டாதே என்று சொல்வதற்கு ஒப்பானது. என் பிழை வேறிடத்தில் இருந்தது. படிக்கும் காலத்தையே வாழ்க்கையின் கணக்கில் சேர்க்காமல், கப்பல் ஏறிப் போயிருக்கும் மூன்றாண்டு போல, அதை முடித்துவிட்டுத் திரும்பி வந்து வாழத் தொடங்கலாம் என்று இருந்துவிட்டேன். ஆய்வகத்தில் ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவறியும் தரம்பார்த்தலின்போது ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு தோன்றி நிலைக்கும் அந்த நொடியை, பதிவேட்டில் அளவீட்டை எழுதும் அவசரத்தில், இரண்டாண்டுகளாக நான் பார்த்ததேயில்லை. இப்போது பார்க்கிறேன். அதனால் என் மதிப்பெண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பை ஐயாவுக்கு முன்னால் நான் செய்துவிடுகிறேன். பேசுவதற்குப் பெரும்பாலும் ஒன்றுமிருப்பதில்லை. மழை பெய்ததா, மாடு ஈன்றதா என்பதோடு முடிந்துவிடும்.

மாற்றம் அவ்வளவுதான் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிறு ஏமாற்றமும் உண்டு. சாவை அடுத்த கட்டிலில் பார்த்தவன் இன்னும் கொஞ்சம் ஞானியாகியிருக்க வேண்டாமா? கல்லூரிக்குத் திரும்பிய இரண்டாம் வாரமே உணவகத்தில் வரிசை மெதுவாக நகர்கிறதென்று எரிச்சல்பட்டேன்.

ஐயாவிடம் மாற்றம் வேறு விதமாக இருந்தது. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு முந்தைய வாரம் நான் ஊருக்கு வந்தபோது, சாப்பாட்டுக்கு அழைப்பதற்காக அரைமணி நேரம் அந்த வீட்டு முற்றத்தில் நின்றிருந்தேன். கொசு கடித்தது அங்கேயா, விடுதியிலா என்று கண்டறிய வழியே இல்லை. ஆனால் அவர் முடிவு செய்துவிட்டார். கல்யாணங்களுக்கென்று வாங்கி, நூறு பேருக்குச் சோறாக்கி, இப்போது முற்றத்து மழைநீரை ஏந்திக்கொண்டு கிடக்கும் அண்டாக்களையும் குண்டான்களையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்று நான் சொன்ன பிறகு, தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்தும் விட்டார். எழுபத்தாறு வயதில் குனிந்து நிமிர்ந்து அவர் செய்வதைப் பார்த்து, நானும் சேர்ந்துகொண்டேன். மூன்றாங்கட்டில் இருந்த பெரிய அண்டாவை இருவருமாகத்தான் புரட்ட முடிந்தது. வேலை முடிந்ததும் வழக்கம்போல் அவர் வளவைச் சுற்றினார். இம்முறை நான் எதிர்ப்புறமாக, அவர் கால் படாத ஓரமாகச் சுற்றினேன்.

அன்று மாலை அந்த வீட்டுத் திண்ணையில் என் மின்வேதியியல் குறிப்பேட்டைத் திறந்து, காலியாக இருந்த ஒரு பக்கத்தில் செனார் டையோடு சுற்றை வரைந்தேன். மின்கலம், தொடர் மின்தடை, மில்லி அம்மீட்டர், வோல்ட்மீட்டர் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதினேன். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காகக் கைபேசியில் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தேன். ஒன்பது நிமிடம் ஆயிற்று.